குட்டிகளின் கழிச்சலுக்கு நாட்டு மருந்தும் ஆஸ்பத்திரி மருந்தும்

கயத்தாற்றுக் கரிசலில் மழை பொய்த்த வருஷங்களிற் குடியானவர்களைத் தாங்குபவை கன்னியாடும் வேம்பூர்ச் செம்மறியுமாம். கடன் பட்டு ஆடு பிடித்தவருக்கு முதல் ஈற்றுக் குட்டிகளே தவணைப் பணம். ஐப்பசி கார்த்திகையிற் பட்டி சேறானவுடன் அக்குட்டிகளுக்குக் கழிச்சல் காண்கிறது.

கருவேலம்பட்டைக் கஷாயத்தின் துவர்ப்புச் சத்து இலேசான கழிச்சலைக் கட்டுப்படுத்தக்கூடும். வெந்தயம், சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, பெருங்காயம் இவற்றை அரைத்துப் பனைவெல்லத்துடன் கொடுக்கும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தாரும் சொல்லி வருகின்றனர். எனவே நாட்டு மருந்தை இகழ்வதற்கில்லை.

ஆயினும் குட்டி மாளுவது பெரும்பாலும் உடலினின்று நீரும் உப்பும் கழிந்துபோவதனாலேயாம். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாது நிற்கும், கண் குழியும். அந்நிலையிற் கஷாயமும் ஊசியும் பின்னர். நீரே முதல் மருந்து. கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கரைத்துச் சிறுகச் சிறுக, பலமுறை புகட்டுக. தாய்ப்பாலை நிறுத்துதல் வீண் வழக்கம். குட்டி மேலும் மெலியும்.

இரத்தங் கலந்து கழிந்தாலும், காய்ச்சல் கண்டாலும், குட்டி எழாது கிடந்தாலும் அன்றே மிருக வைத்தியரிடம் காட்டல் வேண்டும். இரத்தக் கழிச்சல் பலவேளை காக்சிடியா என்னும் நுண்ணுயிரால் வருவது. அதற்குச் சல்பா மருந்து உண்டு. நீர் வற்றிய குட்டிக்கு அம்மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமாதலின், கடையில் வாங்கித் தாமே கொடுத்தல் ஆகாது. பால் மிகுதியால் வந்த கழிச்சலுக்கோ ஆன்டிபயாடிக் யாதொரு பயனும் தராது.

எதைப் புகட்டினும் தலையை அண்ணாத்திப் பிடிக்கலாகாது. மருந்து மூச்சுக்குழலிற் புகுந்துவிடும்.