ஊடுகாட்டும் பின்னணி



பாடசாலை விழாவொன்றுக்காக மாணவர் சிலர் சிறு படமொன்று தயாரித்தனர். ஓய்வுபெறும் ஆசிரியை ஒருவரின் உருவத்தின்மீது, பூக்கொடியொன்று படர, அவர் பெயர் தோன்றவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பெயரை அசையச் செய்தவன் ஒருவன். படத்தைத் தொகுத்தவள் மற்றொருத்தி. இருவரும் கையாண்ட மென்பொருள்கள் வெவ்வேறானவை. பெயர்த் துண்டு விழாவன்று காலையிலேதான் கைக்குக் கிடைத்தது. ஒத்திகை பார்க்க அவகாசமில்லை. மண்டபத்திற் படம் ஓடியபோது பெயர் வந்தது. கூடவே கரிய பெட்டியொன்றும் வந்து ஆசிரியையின் முகத்தை மறைத்தது. மாணவர் தலைகுனிந்து நின்றனர். நேர்ந்த பிழை யாது என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கணினித் திரையிற் காணும் படம் எண்ணிறந்த புள்ளிகளால் ஆயது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் நிறங்களின் அளவுகள் மூன்று எண்களாற் குறிக்கப்படும். 'இங்கே ஒன்றுமில்லை, பின்னாலுள்ளது தெரியட்டும்' என்று சொல்லும் எண் இம்மூன்றினுள் இல்லை. கருமையும் ஒரு நிறமே, அது வெறுமையன்று. ஆதலின், வெறுமையைக் குறிக்கத் தனியாக நான்காவது எண்ணொன்று வேண்டியதாயிற்று.

1970களின் பிற்பகுதியில், நியூயோர்க் தொழில்நுட்பக் கழகத்திலே எட் கட்மல், அல்வி ரே சிமித் என்னும் இருவர் இந்நான்காம் தடத்தை வகுத்து, கிரேக்க நெடுங்கணக்கின் முதலெழுத்தாகிய 'அல்பா' என்பதை அதற்குப் பெயராக இட்டனர். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கணிதத்தை 1984இல் தோமஸ் போட்டர், ரொம் டவ் என்போர் முறைப்படுத்தினர். இந்நால்வரும் 1996இல் அமெரிக்கத் திரைப்படக் கலைக்கழகத்தின் விருதைப் பெற்றனர்.

அல்பா எண் வழக்கமாக 0 முதல் 255 வரை அமையும். 0 எனின் புள்ளி முற்றாக ஊடுகாட்டும். 255 எனின் முற்றாக மறைக்கும். புகைக்கும் நிழலுக்கும் கூந்தலின் நுனிக்கும் இயல்பான தோற்றந் தருவன இடைப்பட்ட எண்களே.

இனி, மாணவரின் பிழைக்கு வருவோம். பெயர்த் துண்டு அனுப்பப்பட்டது எச்.264 முறையிற் சுருக்கிய எம்.பி.4 கோப்பாக. காண்பதற்கும் பகிர்வதற்கும் பெருவழக்கிலுள்ள அவ்வகைக் கோப்பிலே நான்காம் தடத்துக்கு இடமில்லை. மூன்று அறையுள்ள பெட்டியில் நான்கு பொருளை வைக்க முயன்றால் ஒன்று வெளியே நிற்கும் அன்றோ? மென்பொருளோ பெரும்பாலும் எச்சரியாது. வெறுமையைக் கருமையால் நிரப்பிவிட்டு வாளாவிருக்கும்.

பரிகாரம் எளிது. அப்பிள் நிறுவனத்தின் புறோரெஸ் 4444 என்னும் முறையிலே நான்காம் தடத்துக்கு இடமுண்டு. ஈற்றிலுள்ள 4 அதனையே குறிக்கும். புறோரெஸ் 422 என்பதில் அவ்விடம் இல்லை. பெயரொற்றுமை கண்டு மயங்கலாகாது. ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனிப் பி.என்.ஜி. படமாக அனுப்புதலும் ஒரு வழி. நொடிக்கு 25 சட்டமெனின் பத்து நொடிக்கு 250 படங்கள் சேரும். இவ்விரு வழியிலும் கோப்புகள் பெரியனவாகும். அதைப் பொறுத்தே ஆகவேண்டும். அன்றியும், முறையைத் தெரிவுசெய்தால் மட்டும் போதாது. அல்பாவையும் சேர்த்து வெளியிடுமாறு மென்பொருளிற் குறிக்கவேண்டும்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. சில மென்பொருள்கள் ஓரப்புள்ளிகளின் நிறத்தை அல்பாவால் முன்னரே பெருக்கி அனுப்பும். சில பெருக்காது அனுப்பும். முன்னரே பெருக்கியதைப் பெறுபவர் அறியாது மீண்டும் பெருக்கினால், எழுத்துகளைச் சுற்றி மைதீட்டியது போன்ற கருங்கோடு படியும். ஆகவே, எம்முறையில் அனுப்பினோம் என்பதை ஒருவரி எழுதிக் கோப்புடன் சேர்த்தல் நன்று.

அனுப்புமுன் ஒரு சோதனையும் செய்க: வெளியிட்ட கோப்பைத் திரும்பத் திறந்து, மஞ்சள் நிறத் தளமொன்றின்மேல் வைத்துப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் வெறுமை பிழைத்தது. கருமை தெரிந்தால் அது வழியிலே தொலைந்தது. ஒரு நிமிட வேலைதான். அந்த ஒரு நிமிடம் செலவிட்டிருந்தால், அன்றைய மண்டபத்தில் ஆசிரியையின் முகம் மறைந்திராது.