கம்ப்யூட்டருக்குள் நடக்கும் காய் பொறுக்கும் வேலை



போன மாதம் போடியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வந்தவர்கள் அன்றைக்கு நாம் பட்ட பாட்டை நேரில் பார்த்தார்கள். வராதவர்களுக்காகச் சொல்கிறோம். மூன்று குழுக்களின் கடன் விண்ணப்பத்தை பிரிண்ட் எடுக்க பென்டிரைவில் போட்டு வெளியே ஒரு கடைக்குக் கொண்டு போனோம். திரும்பி வந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால், ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தது. க்ளிக் செய்தால் உள்ளே ஒன்றும் இல்லை. அந்த மூன்று குழுக்களின் ஒரு வருடச் சேமிப்புக் கணக்கும் அதில்தான் இருந்தது. கணக்கு எழுதும் தங்கச்சிக்கு கண் கலங்கிவிட்டது.

நல்லவேளை, கணக்கு அழியவில்லை. இந்த வகை வைரஸ் நம் ஃபைலை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் தன்னுடைய ஷார்ட்கட்டை வாசலில் நிறுத்தி வைக்கும். நம்முடையதுதானே என்று நாம் அதைத் தொட்டால், திருடனுக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. ஆன்ட்டி வைரஸை ஓடவிட்டு வைரஸை எடுத்தோம். மறைந்திருந்த ஃபைல்களைத் தனியாக வெளியே கொண்டு வந்தோம். அப்போது ஒரு அக்கா கேட்டார்: "ஃபைல் பேரா ஓடிக்கிட்டே இருக்கே, அப்படி உள்ள என்னத்தத்தான் பாக்குது?" அன்றைக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம்.

வைரஸ் என்றதும் கிருமி என்று நினைக்க வேண்டாம். அதுவும் ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிய புரோகிராம்தான். கெட்ட எண்ணத்தோடு எழுதியது, அவ்வளவுதான்.

நம்மில் பலர் போடி ஏலக்காய் கடைகளில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். முறத்தில் காயைப் பரப்பினால் கண்ணும் கையும் தானாகப் போகும். வெடித்த காய், கருத்த காய், பூச்சி துளைத்த காய், சொறி விழுந்த காய் எல்லாம் ஒதுங்கிவிடும். எப்படி? எது எது கெட்ட காய், அதன் அடையாளம் என்ன என்று முதல் நாளிலேயே பெரியவர்கள் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஆன்ட்டி வைரஸ் செய்வதும் இதே வேலைதான். கம்ப்யூட்டரில் போட்டோ, பாட்டு, கணக்கு எதுவானாலும் உள்ளே வெறும் எண்களின் வரிசையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வைரஸுக்கும் அதற்கே உரிய ஒரு எண் வரிசைத் துண்டு உண்டு, அங்க அடையாளம் மாதிரி. கம்பெனிக்காரர்கள் அந்த அடையாளங்களைச் சேர்த்து பெரிய பட்டியலாக வைத்திருக்கிறார்கள். சென்னையில் கே7 என்ற கம்பெனி 1991 முதல் இந்த வேலையைச் செய்கிறது. புனேயில் குயிக் ஹீல் இருக்கிறது. ஸ்கேன் ஓடும்போது ஒவ்வொரு ஃபைலையும் எடுத்து அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு கம்ப்யூட்டரில் சில லட்சம் ஃபைல் இருக்கும் என்பதால்தான் அவ்வளவு நேரம் ஆகிறது.

பெயரைப் பார்த்து ஏமாறுவது நாம்தான், அது ஏமாறாது. 'கல்யாண போட்டோ' என்று பெயர் வைத்து புரோகிராமை அனுப்புவார்கள். விண்டோஸில் ஓடும் வழக்கமான புரோகிராம் ஃபைலின் முதல் இரண்டு எழுத்து எம், இசட் என்று இருக்கும். போட்டோ அப்படித் தொடங்காது. ஜிப் ஃபைல் என்றால் மூட்டையைப் பிரித்து உள்ளே இருப்பதையும் பார்க்கும். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய மூட்டையை மட்டும் அதனால் பிரிக்க முடியாது. தெரியாதவர் அனுப்பிய பூட்டிய மூட்டையைத் திறக்காமல் விடுவதே நல்லது.

பார்ப்பதும் இரண்டு விதமாக நடக்கிறது. மலைக்கு வேலைக்குப் போகும் ஜீப்பை செக்போஸ்ட்டில் நிறுத்திப் பார்க்கிறார்கள் இல்லையா, அது மாதிரி ஃபைல் உள்ளே வரும்போதும் திறக்கும்போதும் பார்ப்பது ஒன்று. இது எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் மெதுவா ஓடுது" என்று சிலர் இதை நிறுத்திவிடுகிறார்கள், கூடாது. ஊருக்குள் ஏற்கெனவே புகுந்து ஒளிந்திருப்பதை வீடு வீடாகத் தேடுவது இன்னொன்று. அதுதான் முழு ஸ்கேன்.

சரி, பட்டியலிலேயே இல்லாத புது வைரஸ் வந்தால்? பச்சை நிறம் ஏற்றிய காயோ என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? நாலு காயைத் தனியாக டம்ளர் தண்ணீரில் போட்டு, சாயம் இறங்குகிறதா என்று பார்ப்போம். ஆன்ட்டி வைரஸும் சந்தேகப்பட்ட ஃபைலைத் தனி இடத்தில் ஓடவிட்டு அதன் நடத்தையைக் கவனிக்கும். மற்ற ஃபைல்களை மாற்றப் பார்க்கிறதா, தன்னையே நகல் எடுக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யும். ஆன்ட்டி வைரஸ் வேலையில் தப்பும் நடக்கும். 2010 ஏப்ரலில் மெக்காஃபி என்ற பெரிய கம்பெனியின் ஆன்ட்டி வைரஸ், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைலையே வைரஸ் என்று நினைத்துப் பிடித்துவிட்டது. உலகம் முழுக்க ஏராளமான கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. அதனால்தான் பிடித்ததை உடனே அழிக்காமல் 'குவாரண்டைன்' என்று ஒதுக்கி வைக்கும் வசதி இருக்கிறது. நல்ல ஃபைல் என்று தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் நம் ஆபீஸில் மட்டும் ஏன் முதலிலேயே பிடிக்கவில்லை? மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நெட் ரீசார்ஜ் முடிந்து இரண்டு மாதம் ஆகியும் யாரும் போடவில்லை. பட்டியல் அந்த இரண்டு மாதப் பழசாகவே நின்றுவிட்டது. தப்பு நம்முடையது. ரீசார்ஜ் செய்து பட்டியலைப் புதுப்பித்த பிறகுதான் அது வைரஸைக் கண்டுபிடித்தது. பட்டியல் தினம் தினம் மாறுகிறது. புதுப்பிக்காத ஆன்ட்டி வைரஸ், இந்த வருடம் வந்த நோயைத் தெரியாதவரை காய் பொறுக்க உட்கார வைத்த மாதிரிதான்.

விண்டோஸையும் புதுப்பிக்க வேண்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ஒன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவி, ஃபைல்களைப் பூட்டிவிட்டு பணம் கேட்டது. கேரளாவில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் மாட்டின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இப்போது விண்டோஸ் 10க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. நம் ஆபீஸில் இருப்பது அதுதான். மாற்றுவது பற்றி செயற்குழுவில் பேசி வருகிறோம்.

காசு கொடுத்துத்தான் ஆன்ட்டி வைரஸ் வாங்க வேண்டும் என்பதில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் கூடவே வருகிறது. மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவும் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் டூல்களை இலவசமாகத் தருகிறது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்ட்டி வைரஸ் மட்டும் போடாதீர்கள், ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்ளும். ஆன்லைனில் யாராவது பணத்தை ஏமாற்றி எடுத்துவிட்டால் 1930க்கு உடனே போன் செய்யுங்கள். அந்த வேலையை ஆன்ட்டி வைரஸ் செய்யாது.

இனி பிரிண்ட் எடுக்க வெளியே போகும் பென்டிரைவில் அந்த ஒரு ஃபைல் மட்டும்தான் இருக்கும். கணக்கின் நகல் ஒன்று தனி பென்டிரைவில் பீரோவில் இருக்கும், அது கடைக்குப் போகாது. கையால் எழுதும் குழு பேரேட்டை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம். வீட்டில் பிள்ளைகளின் கம்ப்யூட்டரோ பென்டிரைவோ இப்படி ஷார்ட்கட்டாகத் தெரிந்தால் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள், எதையும் தொடாமல் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கணக்கு எழுதும் தங்கச்சி இப்போது இந்த வேலையை நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டார்.