கதவுக்கு இப்பால் 26 மணி நேரம்

தறிக்குழியில் அமர்ந்தவனுக்குப் பொழுது கைக்கு அடக்கம். நெய்த துணியை முழம் போட்டுப் பார்த்தே மணி இன்னதென்று சொல்லிவிடுவான். அவ்வாறு பழகிய அங்கத்தினர் ஒருவர், தம் மனைவியாரின் தலைப்பிரசவத்தின்போது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பொழுதை எதைக் கொண்டும் அளக்க மாட்டாமல் தவித்த வரலாற்றை நாம் அண்மையில் கேட்டோம். பிரசவத்தைப் பற்றிப் பெண்டிர் பேசுவர், டாக்டர்கள் எழுதுவர். கதவுக்கு வெளியே நிற்கும் கணவனை ஒருவரும் விசாரிப்பதில்லை. ஆகவே நாம் விசாரித்தோம். பெயரை வெளியிட வேண்டாமென்று அன்பர் கேட்டுக்கொண்டார்.

அவர் சென்னிமலையில் போர்வை நெய்பவர். நெய்தால் கூலி, நெய்யாவிட்டால் இல்லை. மனைவியார் ஒன்பதாம் மாதம் வரை ராட்டையில் தார் சுற்றிக் கொடுத்து வந்தாராம். "வேண்டாமென்று சொன்னேன், கேட்கவில்லை" என்றார் அன்பர். "சொன்னதும் நீங்கதான் மாப்பிள்ளை, தார் எங்கேன்னு கேட்டதும் நீங்கதான்" என்று மாமியார் உள்ளிருந்தபடியே குரல் கொடுத்தார். அன்பர் அதற்கு மறுமொழி கூறவில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு 10 மணிக்கு வலி கண்டது. பின்னிரவில் 108 வண்டியை அழைத்து அரசினர் ஆஸ்பத்திரிக்குச் சென்றார்கள். நர்ஸ் அம்மையார் சோதித்துவிட்டு, "இன்னும் நேரமிருக்கிறது, நடக்கட்டும்" என்று சொல்லிப் போய்விட்டார். அன்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலியால் துடிப்பவளை நடக்கச் சொல்வதாவது! ஆயினும் இருவரும் தாழ்வாரத்தில் நடந்தார்கள். வலி எழும்போதெல்லாம் அவர் மனைவி சுவரைப் பற்றிக்கொண்டு குனிவார். இவர் இடுப்பின் பின்புறத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பார். பன்னிரண்டு வருஷம் நாடாக் கயிறு இழுத்த கை அல்லவா? அந்த அழுத்தம் சற்று இதமாயிருந்தது என்று அவ்வம்மையார் பின்னர் கூறினாராம். அந்த இரவில் தாம் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றே என்று அன்பர் கருதுகிறார். அது சிறிய காரியமன்று என்பது நம் கருத்து.

ஞாயிறு நண்பகல் கழிந்து 1 மணிக்குப் பிரசவ அறைக்குள் அழைத்துக்கொண்டார்கள். துணைக்கு மாமியார் சென்றார், கதவு சாத்தப்பட்டது. அன்பரின் கணக்கில் அப்போதே 15 மணி நேரம் ஆகியிருந்தது. நர்ஸ் அம்மையாரோ, "இப்பொழுதுதான் ஆரம்பம்" என்றார். இந்தச் சொல்லால் தமக்கு ஏற்பட்ட திகில் இன்னும் தீரவில்லை என்கிறார் அவர்.

இவ்விடத்தில் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. கருப்பையின் வாய் 10 சென்டிமீட்டர் அளவு திறந்தாலன்றிக் குழந்தை வெளிவர இயலாது. முதலில் அது மெலிந்து, சிறுகச் சிறுகத் திறக்கிறது. இந்த முற்பகுதிக்கு இத்தனை மணி என்று வரையறை கிடையாது. தலைப்பிரசவத்தில் ஒரு பகலையும் விழுங்கிவிடக்கூடும். 5 சென்டிமீட்டர் திறந்த பின்னரே தீவிரக் கட்டம் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வகுத்தது. அது தலைப்பிரசவத்தில் பெரும்பாலும் 12 மணிக்கு மேற்படுவதில்லை. அதன்பின் குழந்தையை முக்கி வெளியேற்ற 3 மணி வரை ஆகலாம். 1955-ல் அமெரிக்க டாக்டர் இமானுவேல் ஃப்ரீட்மன் 500 தலைப்பிரசவங்களை வரைபடமாக்கி வெளியிட்டார். அவ்வழி வந்த கணக்கின்படி மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது திறக்க வேண்டுமென்று நெடுங்காலம் எதிர்பார்த்தார்கள். எல்லாப் பெண்களுக்கும் அந்த வேகம் பொருந்தாது என்று இப்போது தெளிந்திருக்கிறார்கள். ஆகவே கணவன் முதல் வலியிலிருந்து எண்ணுகிறான். நர்ஸ் 5 சென்டிமீட்டரிலிருந்து எண்ணுகிறார். இருவர் கணக்கும் சரிதான். இரண்டு கணக்கு உண்டென்பதை அன்பருக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இரவு 8 மணிக்கு ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது, அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்றார்கள். "படித்தீர்களா?" என்று நாம் கேட்டோம். "எழுத்து தெரிந்தது, ஒன்றும் விளங்கவில்லை. அவளை எனக்குத் திருப்பித் தர மாட்டார்கள் என்று நினைத்தேன்" என்றார். கூட்டுறவுச் சங்கக் கடன் பத்திரத்தை மூன்று முறை படித்துக் கையொப்பமிடும் மனிதர் அவர் என்பதை நாம் அறிவோம். அன்று பேனாவைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

உண்மையில் உள்ளே நடந்தது வேறு. வயிற்றிலுள்ள குழந்தைக்கு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிப்பு இருத்தல் இயல்பு. அது தாழ்ந்தவுடன் டாக்டர் அம்மாள் தாயை இடப்புறமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார். மல்லாந்து கிடந்தால், முதுகெலும்பை ஒட்டி இதயத்துக்குச் செல்லும் பெரிய இரத்தக்குழாயைக் கருப்பை அழுத்தும். சாய்ந்தால் அவ்வழுத்தம் நீங்கும். துடிப்பு மீண்டது, கத்தி வேண்டியிருக்கவில்லை. கையொப்பம் முன்னெச்சரிக்கைக்காக வாங்கியது. இதை அன்பர் அறிந்தது மறுநாள் காலையில். இடைப்பட்ட மூன்றரை மணி நேரத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேச விரும்பவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை.

11.40-க்குக் குழந்தை அழும் குரல் கேட்டது. நர்ஸ் அம்மையார் கதவைத் திறந்து, "பெண் குழந்தை" என்று சொல்லி அவர் முகத்தைப் பார்த்தாராம். "அவள் எப்படியிருக்கிறாள்?" என்று மட்டும் கேட்டாராம் இவர். "நன்றாக இருக்கிறாள், ஆனால் இன்னும் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்" என்று கதவு மறுபடி சாத்தப்பட்டது. குழந்தை பிறந்ததோடு அபாயம் நீங்கிவிட்டதாக ஆண்மக்கள் எண்ணுகிறோம். பிரசவத்துக்குப் பிற்பட்ட உதிரப்போக்கே தாய்மாரின் உயிரைக் குடிக்கும் காரணங்களில் உலகெங்கும் முதன்மையானது. அதைத் தடுக்கத்தான் குழந்தை பிறந்தவுடன் ஊசி போட்டு, காவலும் வைக்கிறார்கள்.

குழந்தையைச் சுற்றத் துணி கேட்டபோது அன்பர் தாம் நெய்த புதுத் துண்டை எடுத்து நீட்டினார். கஞ்சி மொடமொடப்பு நீங்காத துண்டு. மாமியார் அதை ஒதுக்கிவிட்டு, பலமுறை துவைத்து நைந்த தம் பழஞ்சேலைத் துண்டத்தில் பேத்தியைச் சுற்றிக்கொண்டார். இதைச் சொல்லும்போதுதான் அன்பர் முதன்முறையாகச் சிரித்தார்.

கணவனை உள்ளே விடலாகாதா என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் இருக்கலாமென்று மத்திய அரசு 2016-ல் அனுமதித்தது. பெற்றெடுத்த அனுபவமுள்ள பெண்ணாயிருத்தல் நலம் என்றும், அந்தரங்கத்துக்கு மறைப்பு வசதியுள்ள இடங்களில் கணவரையும் விடலாமென்றும் கூறியது. நமது ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஒரே கூடத்தில் பல கட்டில்கள் கிடக்கின்றன. பிறர் மனைவியரும் அங்கே இருக்கிறார்கள். ஆகவே மாமியாரே உள்ளே செல்லட்டும். ஆனால் வெளியே நிற்பவனிடம் மணிக்கொரு தரம் ஒரு வார்த்தை சொல்ல எந்த மறைப்பும் வேண்டியதில்லை. கணவன்மாரும் வாயைத் திறந்து, "எத்தனை சென்டிமீட்டர்? துடிப்பு எவ்வளவு? எதற்குக் கையெழுத்து?" என்று கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவன்று.

புறப்படுமுன் அவர் மனைவியாரிடமும், வலி எத்தனை மணி நேரம் இருந்தது என்று வினவினோம். மடியில் 40 நாள் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. "மணி எங்கீங்க தெரிஞ்சுது? வெளியே இவுங்க இருமல் கேட்டுக்கிட்டே இருந்துதுங்க. இருக்கறாங்கன்னு தெரிஞ்சுது" என்றார். பஞ்சுத்தூசியால் வந்த இருமல் அது. வைத்தியம் பார்த்துக்கொள்ளும்படி நாம் முன்பே சொல்லியிருக்கிறோம். குழந்தை விழித்து அழத் தொடங்கவே, விடைபெற்றுக்கொண்டு தெருவுக்கு வந்தோம்.