சான்றிதழ் கையில், கிரெடிட் எங்கே?

என்பிடெல் இணையவழிப் படிப்பின் சான்றிதழ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், மாணவர் பட்ட பாடு முழுவதும் ஒரே பக்கத்தில் தெரியும். புகைப்படம், பெயர், பாடத் தலைப்பு, எத்தனை வாரப் படிப்பு, வாராந்திர அசைன்மென்டில் 25-க்கு எவ்வளவு, நேரடித் தேர்வில் 75-க்கு எவ்வளவு என எல்லாம் அச்சாகியிருக்கும். கூடவே, இந்தப் படிப்புக்கு இத்தனை கிரெடிட் தரலாம் என்ற பரிந்துரையும் இருக்கும். அதை மதிப்பெண் பட்டியலில் ஏற்றுவதா, ஓரமாக வைப்பதா என்பது மாணவர் படிக்கும் கல்லூரியின் கையில். குறுகியகாலப் படிப்புகளுக்கான அங்கீகாரம் நம் நாட்டில் தடுக்கி நிற்கும் இடம் இதுதான்.

ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டம் என்பிடெல். வகுப்பறை விரிவுரைகளை வீடியோவாக்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பதுதான் முதல் நோக்கம். தேர்வும் சான்றிதழும் 2014-இல் வந்து சேர்ந்தன. இன்றும் பாடத்தில் சேரக் காசு கட்ட வேண்டியதில்லை. தேர்வு எழுத விரும்புகிறவர் மட்டும் கட்டணம் செலுத்தினால் போதும். 4 வாரப் படிப்புக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 என்பது பொதுவான கணக்கு.

இந்தச் சான்றிதழை ஏன் நம்ப வேண்டும்? காரணம், தேர்வு மையம். வார இறுதி நாளில் ஹால் டிக்கெட்டும் அடையாள அட்டையுமாக மையத்துக்குப் போய், கண்காணிப்பாளர் பார்த்திருக்க, கணினி முன் உட்கார்ந்து 3 மணி நேரம் எழுத வேண்டும். அசைன்மென்ட் விடைகள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது ஊரறிந்த விஷயம். ஆனால் அதை வைத்து மட்டும் கரையேற முடியாது. அசைன்மென்டில் 10 மதிப்பெண்ணும், தேர்வில் தனியாக 30 மதிப்பெண்ணும் எடுத்தால்தான் சான்றிதழ். வீடியோவை ஓடவிட்டு, கடைசியில் நாலு கேள்விக்கு க்ளிக் செய்ததும் இணையதளங்கள் நீட்டும் வண்ணச் சான்றிதழையும் இதையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.

சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் தளப் படிப்புகளுக்குக் கிரெடிட் வழங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2016-லேயே விதி வகுத்தது. ஒரு செமஸ்டரில் 20 சதவீதம் வரை என்றிருந்த வரம்பை 2021-இல் 40 சதவீதமாக உயர்த்தியது. முறைப்படி பெற்ற கிரெடிட்டை ஏற்க எந்தப் பல்கலைக்கழகமும் மறுக்கக் கூடாது என்றும் விதி சொல்கிறது. கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்க, அதே 2021 ஜூலையில் ‘அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்தவை பொதுவாக 7 ஆண்டு வரை செல்லும்.

சிக்கல் நடைமுறையில். பன்னிரண்டு வாரம் உழைத்து ஒரு மாணவி மெஷின் லேர்னிங் சான்றிதழ் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு எலெக்டிவுக்குப் பதிலாகக் கல்லூரி ஏற்றால், அந்தப் பாடத்தை அவர் மறுபடி படிக்க வேண்டாம். ஏற்காவிட்டால் அதே செமஸ்டரில் வழக்கமான எல்லாப் பாடங்களோடும் இது கூடுதல் சுமை. வேலைக்கான நேர்காணலில் காட்டலாம், அவ்வளவுதான். வசதியுள்ள பிள்ளைகள் அந்தச் சுமையைத் தாங்குவார்கள். காலையில் கல்லூரி, மாலையில் பகுதிநேர வேலை என்று ஓடும் பிள்ளையால் முடியாது. இலவசமாகக் கிடைக்கும் நல்ல பாடம், யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே எட்டாமல் போகிறது.

நியூசிலாந்து இதை வேறு விதமாக அணுகியது. 2018-இல் அந்நாட்டுத் தகுதி ஆணையம் குறும்படிப்புகளைத் தேசியக் கல்வி முறைக்குள்ளேயே கொண்டுவந்தது. ஒரு படிப்பு 5 முதல் 40 கிரெடிட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அப்போது வகுத்தார்கள். ஒரு கிரெடிட் என்றால் சுமார் 10 மணி நேர உழைப்பு. தொழில்துறைக்கோ சமூகத்துக்கோ இது தேவை என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்றும் கேட்டார்கள். மாணவர் சேர்வதற்கு முன்பே படிப்பின் எடை தெரிந்துவிடுகிறது. சான்றிதழ் வாங்கிய பிறகு பேராசிரியர் அறை வாசலில் நின்று மன்றாட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலும் வழி தெரியாமல் இல்லை. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் படிப்புகள் பொறியியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்துக்குள்ளேயே கிரெடிட்டோடு இடம்பெற்றன. சென்னை ஐஐடி 2020-இல் அறிவித்த இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. அடிப்படை நிலையோடு நிறுத்திக்கொண்டால் சான்றிதழ், அடுத்த கட்டத்தில் டிப்ளமோ, தொடர்ந்தால் பட்டம். பாதியில் நின்றவரும் வெறுங்கையோடு போவதில்லை. இங்கும் தேர்வு நேரடி மையத்தில்தான்.

ஒவ்வொரு செமஸ்டரும் தொடங்கும் முன்பே, எந்த இணையவழிப் பாடம் எந்த எலெக்டிவுக்கு ஈடு என்ற பட்டியலைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. பாடத்திட்டக் குழு ஒருமுறை உட்கார்ந்து பேசினால் முடியும். அந்தப் பட்டியலைக் கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு. கட்டணம் கட்டும் பெற்றோரும் அதைக் கேட்க வேண்டும்.