கரண்ட் போன நாயகர்கள்

சூனியக்காரி வாண்டா மூன்றே மூன்று சொற்களை முணுமுணுத்தாள். அடுத்த நொடியே உலகெங்கும் லட்சக்கணக்கானோரின் அபூர்வ சக்தி காணாமல் போனது. 2005-ல் மார்வெல் நிறுவனம் எட்டு இதழ்களாக வெளியிட்ட ‘ஹவுஸ் ஆஃப் எம்’ கதையின் உச்சம் இதுதான். எழுதியவர் பிரையன் மைக்கேல் பெண்டிஸ். வரைந்தவர் ஒலிவியே குவாப்பெல். அவெஞ்சர்ஸ், எக்ஸ்-மென் இரண்டு கோஷ்டிகளும் கலந்துகொண்ட கதை. இரும்பைக் கண்ணசைவில் வளைத்த மேக்னிட்டோ வெறும் கிழவராக நின்றார். மின்னலாக ஓடிய அவர் மகன் குயிக்சில்வருக்கும் அதே கதி.

சக்தி மிஞ்சியவர்கள் 198 பேர் என்று கதைக்குள் அரசாங்கம் கணக்கெடுத்தது. அந்தக் கணக்கோடுதான் எனக்கு வழக்கு. வால்வரின், சைக்ளாப்ஸ், ஸ்டார்ம் என்று படத்திலும் பொம்மையிலும் காசு கொட்டுகிற முகங்கள் பெரும்பாலும் தப்பித்துவிட்டன. அடிபட்டவர்களில் பெரும்பாலோர் நமக்குப் பெயர்கூடத் தெரியாதவர்கள். அபூர்வ சக்தியோடு பிறக்கும் மியூட்டன்ட்கள் பெருகிப் போனார்கள், ஒடுக்கப்பட்ட சிறுபான்மை என்கிற கதைக்கே பொருளில்லாமல் போகிறது என்பது அன்றைய தலைமை ஆசிரியர் ஜோ கெசாடாவின் கவலை. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஷிப்ட் பார்த்த யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். “ஆட்குறைப்புதானே?” என்று கேட்டுவிட்டு டீயைக் குடிப்பார்.

ஆட்குறைப்புக்குப் பிறகு என்ன ஆனது என்று எழுதத் துணிந்த பக்கங்கள் கொஞ்சம்தான். எழுதியவை நெஞ்சில் தைக்கின்றன. சேம்பர் என்ற இளைஞனின் மார்பையும் தாடையையும் அவனுடைய சக்தியே முன்பு சிதைத்திருந்தது. சக்தி போயிற்று, ஓட்டை மட்டும் நின்றது. 2006-ல் ‘நியூ எக்ஸ்-மென்’ தொடரில், சக்தி போன மாணவர்களை எக்ஸ்-மென் பள்ளியிலிருந்து பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வழியிலேயே அந்தப் பஸ்ஸைத் தகர்க்கிறார்கள் மியூட்டன்ட் வெறுப்பாளர்கள். சக்தி போனவனுக்கும் பகை போகவில்லை.

தமிழ் காமிக்ஸ் வாசகனுக்கு இதெல்லாம் புதிதா என்ன? 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே ‘இரும்புக்கை மாயாவி’. 1962-ல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் கென் புல்மர் எழுத, ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த ‘தி ஸ்டீல் கிளா’தான் அது. நாயகன் லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். விபத்தில் வலது கை போகிறது, இரும்புக்கை வருகிறது. இன்னொரு விபத்தில் மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து, கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. வேற்றுக்கிரகப் பிறப்பு, தெய்வ வரம் எதுவும் கிடையாது. வேலை செய்த இடத்தில் அடிபட்டவன், அவ்வளவுதான். ஷாக்கின் வீரியம் தீர்ந்தால் உருவம் திரும்பிவிடும். மறுபடி பிளக்கைத் தேடி ஓட வேண்டும். சக்தி இழப்பு மார்வெலுக்குப் பெருவிழா, மாயாவிக்கோ அன்றாடப்பாடு. ‘கரண்ட் போச்சு’ என்று அலறித் தெருவுக்கு ஓடி வந்த பிள்ளைகளுக்கு அவன் அவஸ்தையைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே 2005-ல் மாயாவிக்கும் பெரிய ஆபத்து வந்தது. ஆலன் மூர் கதையமைக்க, அவர் மகள் லியா மூரும் மருமகன் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘ஆல்பியன்’ என்ற ஆறு இதழ்த் தொடர். பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர்கள் உண்மையிலேயே இருந்தார்கள், அரசாங்கம் அவர்களைப் பிடித்து ஸ்காட்லாந்துக் கோட்டை ஒன்றில் ரகசியமாக அடைத்துவிட்டது என்பது கதை. உள்ளே மாயாவி இருக்கிறார், ஸ்பைடர் இருக்கிறார். ரோபோ ஆர்ச்சியும் கதையில் உண்டு. முத்து, லயன் காமிக்ஸ்களில் நம்மூர்ப் பிள்ளைகள் கொண்டாடிய அதே மூவர்! ‘ஹவுஸ் ஆஃப் எம்’மைவிட எனக்கு இதுவே உசத்தி. இங்கே சக்தியைப் பறித்தது மந்திரம் இல்லை. ஒரு அரசாங்கம், அதன் பூட்டு, அதன் கோப்பு.

வடசென்னையில் உழைப்பாளிகளின் சக்தி போனதும் இப்படித்தான். 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. முதுகில் மூட்டை சுமந்து கப்பலை நிரப்பிய உடம்புகளுக்கு, கிரேன் தூக்கும் பெட்டிகளுக்கு முன்னால் மதிப்பு சரிந்தது. பெரம்பூரில் பி அண்ட் சி மில் என்ற பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது. 1970-ல் உற்பத்தியைத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் நின்றது. மாயாவிக்கு ஆயுளுக்கும் போதுமான மின்சாரம் தந்திருக்கக்கூடிய இடம்! நகரத்துக்கு வெளிச்சமும் பக்கத்துக் குப்பங்களுக்குச் சாம்பலும் தந்தது. நிலையம் நின்றாலும், கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்த சாம்பல் கூடவே போய்விடவில்லை. சேம்பரின் மார்பு ஓட்டையைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

பின்னி மில்லைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மில் மூடிய பிறகு அந்த வளாகம் தமிழ் சினிமாவின் சண்டைக் காட்சிகளுக்கு ஆகிவந்த இடமாயிற்று. தறி ஓடிய கூடத்தில் ஒற்றை ஆளாக நாயகன் ஐம்பது பேரைப் பறக்கவிட்டான், நாமும் விசிலடித்தோம். அங்கே வேலை போனவர்கள் எந்தக் காட்சியிலும் இல்லை. தமிழ் சினிமாவும் 198 பேரை மட்டும்தான் எண்ணியிருக்கிறது.

மார்வெல் 2012-ல் சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. புத்தகம் விற்க வேண்டுமே! துறைமுகத்திலும் மில்லிலும் அப்படி இரண்டாம் பாகம் வரவில்லை. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போடுகிற பிள்ளைகள் இருக்கிறீர்கள். வால்வரினை வரைய அமெரிக்காவில் ஆள் உண்டு. நீங்கள் உங்கள் தாத்தாவிடம் போய், வேலை போன மறுநாள் காலையில் எங்கே போனார், என்ன செய்தார் என்று கேட்டு, அதை வரையுங்கள்.