அறிவு குன்றினாலும் அன்பு குன்றலாமா?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



ஜூலை 26 என்றால் நம் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அன்று பனிமய அன்னைப் பேராலயத்தில் கொடியேறும். ஆகஸ்ட் 5 அன்னையின் பெருவிழா. அதே ஜூலை 26, அன்னை மரியாவின் பெற்றோரான புனித சுவக்கீன், புனித அன்னா ஆகியோரின் நினைவு நாளும் ஆகும். ஆண்டவர் இயேசுவின் தாத்தா பாட்டியான இவர்களின் திருநாளை ஒட்டி வரும் ஜூலை நான்காம் ஞாயிறை, தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்தினார். கொடியேற்றத்திற்குக் குடும்பத்தோடு புறப்படும் நாம், கூட்டிப்போக முடியாதென்று வீட்டில் விட்டுச் செல்கிற ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம். மறதி நோய் கண்ட முதியவரே அவர்.

முதலில் நம்முடைய குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், இளமையில் சங்கு குளித்த பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வாங்கிச் சென்றவர், சற்று நேரத்தில் மீண்டும் வரிசையில் வந்து நின்றார். "இப்போதுதானே வாங்கினீர்கள்?" என்று எல்லாரும் பார்க்க முகம் சுளித்து அனுப்பினோம். அடுத்த ஞாயிறும் அதுவே நடந்தது. மூன்றாம் ஞாயிறு அவர் வரவில்லை. மகன் வந்து, "சாமி, அப்பாவுக்கு எதுவும் நினைவில் நிக்கல. விடியுமுன்னே எழுந்து, வள்ளம் போயிரும்னு கடற்கரைக்கு ஓடுறாரு. கோயிலிலும் மானம் போகுதுன்னு வீட்டிலேயே வச்சிட்டோம்" என்றார். பக்தியில்லாதவர் என்று நாம் எண்ணியவர் நோயாளியாக இருந்தார். அதன் பிறகே இந்த நோயைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம்.

வாங்கிய நற்கருணையை மறந்தவர், பத்து வயதில் கற்ற செபத்தை மறக்காதது எப்படி? நம் மூளையில் புதிய நினைவுகளைப் பதிவு செய்ய உதவும் சிறு பகுதி ஒன்று உண்டு. அல்சைமர் என்னும் மறதி நோய் பெரும்பாலும் அங்கேதான் முதலில் கை வைக்கிறது. அதனால் காலையில் உண்டது மறந்துபோகிறது. பலமுறை சொல்லிப் பழகிய செபமாலையும் பழைய பாட்டும் நெடுநாள் நிற்கின்றன. ஆகவே, "வேண்டியது மட்டும் நினைவிருக்கிறது, நடிக்கிறார்" என்று நாம் சொல்வது அநியாயமான தீர்ப்பு.

இந்த நோய்க்குப் பெயர் தந்த ஜெர்மன் மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், 1901-இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் அகுஸ்தே என்ற 51 வயதுப் பெண்ணைச் சந்தித்தார். தன் பெயரை எழுதச் சொன்னபோது அவரால் எழுதி முடிக்க இயலவில்லை. 1906-இல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, அதில் படிந்திருந்த மாற்றங்களை அல்சைமர் அறிவித்தார். இது பேயோ சாபமோ பாவத்தின் தண்டனையோ அல்ல, உடலில் வந்த நோய் என்பதை உலகம் அந்தப் பெண்ணின் வழியாகக் கற்றது.

ஆனால் நம் போன்ற நாட்டின் ஏழைகளை இந்த ஆய்வுகள் எட்ட நெடுங்காலம் ஆயிற்று. 1998-இல் கொச்சியில் நடந்த மாநாட்டின்போது, ஆய்வாளர்கள் சிலர் ஒரு குழுவாய்ச் சேர்ந்தார்கள். தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் '10/66'. மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள். மக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதல்ல என்பதே அதன் பொருள். எண்ணப்படாதவர்களை எண்ணப் புறப்பட்டவர்கள் அவர்கள். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயன் நமக்கு நினைவுக்கு வரவில்லையா?

அவர்கள் சந்தித்த முதல் தடை பரிசோதனையிலேயே இருந்தது. 1975 முதல் உலகெங்கும் வழங்கும் ஒரு சோதனையில், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். கைநாட்டு வைக்கும் ஒருவர் நல்ல நினைவோடிருந்தாலும் இதில் தோற்பார். நடுக்கடலில் நின்று, கோயில் கோபுரத்தையும் பனையையும் அடையாளம் வைத்து இடம் கண்டுபிடிக்கும் மனிதரை அறிவு குன்றியவர் என்று அந்தத் தாள் சொல்லிவிடும். ஆகவே, படிக்காதவருக்கும் நீதி செய்யும் சோதனையை அவர்கள் உருவாக்கினார்கள். சொற்களை வாயால் சொல்லி, திரும்பச் சொல்லக் கேட்டார்கள். வீட்டாரிடம் தனியாகப் பேசி, அன்றாட வேலைகளில் என்ன மாறியிருக்கிறது என்று விசாரித்தார்கள்.

ஏழு நாடுகளில் 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 15,000 பேரை இவ்வாறு சந்தித்தார்கள். நம் தமிழ்நாட்டில் சென்னையும் வேலூரைச் சுற்றிய கிராமங்களும் இதில் இடம்பெற்றன. 2008-இல் வெளியான முடிவில் நம்மைச் சிந்திக்கவைக்கும் செய்தி ஒன்று உண்டு. வழக்கமான மேலைநாட்டு அளவுகோலால் அளந்தபோது, இந்தியக் கிராமத்தில் நோயாளிகள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று வந்தது. புதிய அளவுகோலோ அதைவிடப் பல மடங்கு பேரைக் காட்டியது. ஏன் இந்த வேறுபாடு? பழைய அளவுகோலின்படி, அன்றாட வாழ்வில் தடுமாற்றம் இருக்கிறது என்று வீட்டார் சொன்னால்தான் அது நோய். நம் வீட்டார் அப்படிச் சொல்வது குறைவு. சோறு போட்டுக் கொடுக்க மருமகள் இருக்கிறாள். கடைக்குப் போகப் பேரன் இருக்கிறான். பெரியவரிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

சகோதர சகோதரிகளே, இதில் நம் நற்பண்பும் இருக்கிறது, நம் குறையும் இருக்கிறது. முதியவரைத் தாங்கிக்கொள்கிறோம், அது நற்பண்பு. ஆனால் தாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டே அவரைக் கவனிக்காமல் இருந்துவிடுகிறோம். "வயசானா அப்படித்தான்" என்ற சொல் அன்பாகவும் இருக்கலாம், கைவிடுதலாகவும் இருக்கலாம். எது என்று நம் மனச்சான்றே சொல்லும்.

இன்று நாடு முழுவதும் நடந்த ஆய்வு ஒன்று, 60 வயதைக் கடந்த இந்தியரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023-இல் மதிப்பிட்டிருக்கிறது. நம் அன்பியங்களிலும் இவர்கள் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியதென்ன? முதலாவது, மருத்துவரிடம் காட்டுவது. மறதியெல்லாம் அல்சைமர் அல்ல. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும், இவற்றைச் சரிசெய்யலாம். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம். முதியோருக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணும் உண்டு.

இரண்டாவது, வருமுன் காப்பது. இரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகை, மது, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை உள்ளிட்ட 14 காரணங்களை வாழ்நாள் முழுதும் கவனித்தால், உலகில் இந்நோயின் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கூறியது. தாத்தாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்குவதும், கண்புரையை அகற்றுவதும் அவருடைய நினைவைக் காப்பதற்கும் உதவும்.

மருந்து வராதா என்று கேட்பீர்கள். லெக்கானெமாப் என்ற மருந்தை, நோயின் தொடக்க நிலையில் இருந்த 1,795 பேரிடம் 18 மாதங்கள் சோதித்தார்கள். நோய் முற்றும் வேகம் 27 விழுக்காடு குறைந்தது, நோய் நிற்கவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் கசிவும் ஏற்பட்டன. நம்பிக்கை தரும் தொடக்கம்தான். ஆனால் குணமாக்கிவிடுவோம் என்று பணம் கேட்பவர்களை நம்பி ஏமாற வேண்டாம்.

மூன்றாவது, பராமரிப்பவரைப் பராமரிப்பது. கோவாவில் 81 குடும்பங்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவர் அல்லாத சாதாரண மக்களுக்குப் பயிற்சி தந்து, 6 மாத காலம் வீடு வீடாக அனுப்பினார்கள். அவர்கள் போய் உட்கார்ந்து கேட்டார்கள், நோயை விளக்கினார்கள், வழி சொன்னார்கள். பராமரிப்பவர்களின் மனப்பாரம் குறைந்தது. இதை நம் மரியாயின் சேனையும் வின்சென்ட் தே பவுல் சபையும் செய்ய முடியாதா? இரவெல்லாம் விழித்திருந்த மருமகளிடம், "நீ போய்க் கொஞ்சம் தூங்கு தாயி, நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு மணி நேரம் இருப்பது நற்செய்தி அறிவிப்பே.

சீராக்கின் ஞான நூல் மூன்றாம் அதிகாரத்தில், தந்தையின் அறிவாற்றல் குறைந்துபோனாலும் பிள்ளை பொறுமையோடு நடந்துகொள்ள வேண்டும் என்ற அறிவுரையைக் காண்கிறோம். திபேரியக் கடற்கரையில் ஆண்டவர் பேதுருவிடம், முதுமையில் வேறொருவர் உன்னை நடத்திச் செல்வார் என்ற பொருளில் பேசினார். மீனவரான பேதுருவுக்கும் அந்த நாள் உண்டு என்றால், நமக்கும் உண்டு. தாய் பிள்ளையை மறந்தாலும் நான் மறவேன் என்று எசாயா வழியாக இறைவன் வாக்களித்தார். தாய் உண்மையிலேயே பிள்ளையின் பெயரை மறந்துவிடும் வீடுகளில் அந்த வாக்கு நிறைவேற, இறைவன் நம் கைகளைத்தான் கேட்கிறார்.

அந்தப் பெரியவரின் வீட்டுக்கு நற்கருணையோடு போனோம். நம்மை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டோம்; எதற்கென்றும் அவருக்குத் தெரியவில்லை. நற்கருணையை உயர்த்திக் காட்டியபோது மட்டும் கைகுவித்து, தெளிவாக 'ஆமென்' என்றார்.

அன்னையின் திருவிழாவுக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுப் பெரியவரையும் கைப்பிடித்து அழைத்து வரட்டும். வர இயலாதவர்கள் பெயரைப் பங்கு இல்லத்தில் கொடுங்கள், நாம் தேடி வருகிறோம். அவர் வரிசையில் இரண்டாம் முறை வந்து நின்றால், யாரும் சிரிக்க வேண்டாம். அருகில் இருப்பவர் அன்போடு இருக்கைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எவரையும் மறவாத இறைவன் நம் முதியோரையும் அவர்களைப் பேணுவோரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.