ஊரடங்கைத் தளர்த்தும்போது பார்க்க வேண்டிய கணக்கு



கொரோனா ஊரடங்கு முடிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்ததும், அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது 2023 மே 5-ஆம் தேதி. அது நமது வணிகர் தினம். இடைப்பட்ட காலத்தில் கடையை மூடு, திற, நேரத்தைக் குறை, நேரத்தைக் கூட்டு என்று எத்தனையோ உத்தரவுகள் வந்தன. அந்த நாளில் உட்கார்ந்து யோசிக்க யாருக்கும் அவகாசம் இல்லை. இப்போது இருக்கிறது. இன்னொரு தொற்று வரவே வராது என்று எந்த டாக்டரும் உறுதி சொல்லவில்லை. ஆகவே, அடைத்ததைத் திறக்கும்போது எதை எப்படித் திறந்தால் நஷ்டம் குறையும் என்று நமக்குத் தெரிந்த கணக்கு முறையிலேயே பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டு தட்டிலும் எடை உண்டு

அந்தக் காலத்தில் ஊரில் இரண்டு கட்சி இருந்தது. எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. நோய் முழுவதும் ஒழியும்வரை எதையும் திறக்கக் கூடாது என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மூடினால் வரும் நஷ்டம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடை மூடியிருந்தாலும் வாடகையும் வட்டியும் ஏறும். மூட்டையில் பருப்பு வண்டு பிடிக்கும். நம் தூத்துக்குடியில் உப்பு வாரும் பருவத்தில்தான் ஊரடங்கு வந்து விழுந்தது. உப்பளத் தொழிலாளி, லோடுமேன், ஓட்டல் சப்ளையர், கடலுக்குப் போகிறவர் ஆகியோர் கையில் காசு புரளவில்லை என்றால், அது சில்லறைக் கடைக்காரரின் பற்று நோட்டில் பாக்கியாக ஏறும். அங்கிருந்து மொத்த வியாபாரியின் பேரேட்டுக்கு வரும்.

திறந்தால் வரும் நஷ்டம் உயிர். தமிழ்நாட்டில் அரசுக் கணக்குப்படியே 38,000 பேருக்கு மேல் கொரோனாவில் இறந்தார்கள். கடைக்காரர்களும் கடைப் பையன்களும் அதில் உண்டு. பண நஷ்டத்தை இரண்டு மூன்று சீசனில் எடுத்துவிடலாம். இந்த நஷ்டத்தை எடுக்க வழியில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாமே மூடிக் கிடந்த நாள் மிகக் குறைவு. வ.உ.சிதம்பரனார் துறைமுகம் நிற்கவில்லை. பலசரக்கு, பால், காய்கறி, மருந்து விற்பனை ஏதோ ஒரு விதத்தில் நடந்துகொண்டுதான் இருந்தது. எனவே திறப்பதா, மூடுவதா என்ற சண்டையைவிட எந்த முறையில் திறப்பது என்பதே பெரிய கேள்வி. அந்த முறையில் தப்பு நடந்த இடங்களில்தான் சேதம் அதிகம்.

பதினான்கு நாள் கடன்

தொற்று நோயில் நாம் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது தவணை. கொரோனா ஒருவர் உடம்பில் புகுந்து காய்ச்சல், இருமல் தெரிய ஐந்தாறு நாள் ஆகும். சிலருக்குப் பதினான்கு நாள்வரை ஆகும். அதற்குள் அவர் நாலு இடம் போய்வந்துவிடுவார். கடன் சரக்கு கொடுத்த அன்று விற்பனை நன்றாகத்தான் தெரியும். தவணை வரும்போதுதான் லாபமா நஷ்டமா என்பது தெரியும். அதுபோல இன்று கூடிய கூட்டத்தின் கணக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரியில் தெரியும். திறந்த மூன்றாம் நாள் எண்ணிக்கை ஏறவில்லை என்று அடுத்த தளர்வையும் கொடுத்தால், முதல் பில் வருமுன்பே இரண்டாம் லோடையும் கடனில் அனுப்பிய கதைதான்.

1918-ஆம் ஆண்டு விஷக் காய்ச்சலின்போது அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் இதுதான் நடந்தது. நோய் தணிந்துவிட்டது என்று நவம்பர் 21 அன்று முகக்கவசக் கட்டாயத்தை நீக்கினார்கள். மக்கள் கொண்டாடினார்கள். சில வாரங்களில் நோய் திரும்பியது. 1919 ஜனவரியில் மறுபடியும் அதே உத்தரவைப் போட வேண்டி வந்தது.

கோயம்பேடு தந்த பாடம்

நம் தொழிலில் நடந்த பெரிய உதாரணம் கோயம்பேடு. 1996-இல் திறந்த அந்தச் சந்தையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். சென்னைக்கும் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் காய்கறி, பழம், பூ எல்லாம் அங்கிருந்தே போக வேண்டும்.

2020 ஏப்ரல் 24 அன்று ஓர் அறிவிப்பு வந்தது. சென்னை, மதுரை, கோவை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு. சேலம், திருப்பூரில் 26 முதல் 28 வரை. இடையில் இருந்தது 25-ஆம் தேதி ஒரு நாள் மட்டுமே. அன்று மக்கள் சந்தைகளிலும் கடைகளிலும் முண்டியடித்தார்கள். வீட்டுக்கு நாலு நாள் சாமான் வேண்டுமே, அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடையடைப்பு நோயைத் தடுப்பதற்காகத்தான் வந்தது. அதற்கு முந்தின நாள் கூடிய கூட்டம் நோய்க்கு வழி திறந்துவிட்டது.

ஏப்ரல் 25 அன்று தமிழ்நாட்டில் மொத்தம் 1,821 பேருக்குத் தொற்று. மே 11 அன்று 8,002 பேர். இதில் கோயம்பேட்டோடு தொடர்புள்ளவர்கள் மட்டும் ஆயிரக்கணக்கில். அங்கு வேலை பார்த்த சுமைத் தொழிலாளர்களும் லாரிக்காரர்களும் ஊர் திரும்பியபோது கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களுக்கும் நோய் போய்ச் சேர்ந்தது.

மே 5-ஆம் தேதி, வணிகர் தினத்தன்று, கோயம்பேடு பூட்டப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. மறுபடி கோயம்பேட்டுக்குத் திரும்பியது செப்டம்பர் 28 அன்று. சந்தையைப் பிரித்துப் பல இடங்களில் நடத்தலாம் என்று அதிகாரிகள் முன்பே பேசியபோது வியாபாரிகள் தரப்பில் சம்மதிக்கவில்லை. தண்ணீர், கிடங்கு, பாதுகாப்பு வசதி இல்லாத இடத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் முடிவில் அதே வசதிக் குறைவோடு, நோயையும் சுமந்துகொண்டு, நாலரை மாதத்துக்கு மேல் வெளியே போய் நிற்க வேண்டி வந்தது. முன்கூட்டியே பாதியை நகர்த்தியிருந்தால் மீதிப் பாதியாவது மூடாமல் தப்பியிருக்கும் என்பது என் கருத்து.

நேரத்தைக் குறைத்தால் கூட்டம் குறையுமா?

ஊரடங்கின் தொடக்கத்தில் நம் கடைகளுக்குக் காலை 6 முதல் பிற்பகல் 2.30 வரை அனுமதி. ஏப்ரல் 5 முதல் 1 மணியோடு முடிந்தது. ஆள் நடமாட்டம் குறையும் என்பது அரசின் எண்ணம். சாமான் வாங்கப் போகிறேன் என்று சாயங்காலம் சுற்றுகிறவர்களை அது குறைத்தது உண்மை.

ஆனால் கடைக்குள் நடப்பது வேறு. ஒரு கடைக்கு நாளொன்றுக்கு 300 வாடிக்கையாளர் என்று வைத்துக்கொள்வோம். காலை 6 முதல் இரவு 9 வரை 15 மணி நேரம் திறந்தால் மணிக்கு 20 பேர். அதையே 1 மணிக்கு முடித்தால் 7 மணி நேரம். மணிக்கு 43 பேர். அதுவும் காலை 10 மணிக்கு மேல்தான் பெரும்பாலோர் வருவார்கள் என்றால் படியில் நிற்க இடமிருக்காது. வரும் ஆள் எண்ணிக்கை அதே 300 என்றால் நேரத்தைக் குறைப்பது நெருக்கடியைக் கூட்டும்.

நேரத்தை மட்டும் நீட்டினால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. 2021 மே 24 முதல் முழு ஊரடங்கு என்று அறிவித்தபோது, 22, 23 தேதிகளில் எல்லாக் கடைகளும் இரவு 9 மணிவரை திறக்க அனுமதித்தார்கள். நேரம் தாராளம், ஆனாலும் கூட்டம் நெரிந்தது. நாளை கிடைக்காது என்ற பயம் இருக்கிற இடத்தில் எத்தனை மணி நேரமும் போதாது.

எந்த முறை சரியாக நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் ரேஷன் கடைகளில் 1,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தபோது, தேதியும் நேரமும் போட்ட டோக்கன் முன்பே வழங்கப்பட்டது. 2021 மே 31 முதல் மளிகைச் சாமான்களை வண்டியில் தெருத்தெருவாக விற்கவும், போனில் ஆர்டர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் அனுமதித்தார்கள். ஜூன் 7 முதல் நோய் அதிகமிருந்த கோவை, திருப்பூர், ஈரோடு முதலிய 11 மாவட்டங்களுக்குக் குறைவான தளர்வு. நம் தூத்துக்குடி உள்பட மற்ற 27 மாவட்டங்களுக்குக் கூடுதல் தளர்வு. நோய் எங்கே எவ்வளவு என்று பார்த்துத் திறப்பது என்பது இதுதான்.

சாத்தான்குளத்தை மறக்கலாமா?

தளர்வு காலத்து ஆபத்து நோய் மட்டும் அல்ல. 2020 ஜூன் 19 அன்று நம் மாவட்டம் சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரத்துக்கு மேல் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி வியாபாரி ஜெயராஜையும் மகன் பென்னிக்சையும் போலீசார் கொண்டுபோனார்கள். கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்க உத்தரவிட்டது. பிறகு சி.பி.ஐ. விசாரித்து, போலீசார் மீது கொலை வழக்கு மதுரையில் நடந்தது. தமிழ்நாடு முழுவதும் வணிகர்கள் கடையடைத்துத் துக்கம் காட்டினோம்.

கடை அடைக்கும் நேரம் என்பது ஒரு நிர்வாக விதி. அதை மீறினால் அபராதம் இருக்கலாம், கடைக்குச் சீல் வைக்கலாம். அடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. வாரத்துக்கு ஒரு விதி மாறும்போது, எது இன்றைய விதி என்பது எழுத்தில் கடைக்காரர் கையில் இருக்க வேண்டும். இதைக் கேட்பது நம் உரிமை.

நம் கடற்கரை முன்பே கண்டது

நோயையும் தொழிலையும் ஒன்றாக நடத்துவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், வெறும் மணல்கரையில் சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் கூடி ஒரு தற்காலிக ஊரே உண்டாகும். அங்கே எல்லோருக்கும் காலரா பயம். குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் சுகாதாரத்துக்கும் ஏற்பாடு செய்துதான் முகாமை நடத்தினார்கள். நம் பக்கம் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல்.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தூத்துக்குடி அருகே தட்டப்பாறை முகாமில் தங்கவைத்துப் பரிசோதித்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். 1914-இல் தனுஷ்கோடி வழி திறந்தபின் மண்டபம் முகாம் அந்த வேலையைச் செய்தது. அந்த முகாம்களில் மக்கள் பட்ட கஷ்டம் தனிக் கதை. ஆனாலும் போக்குவரத்தை அடியோடு நிறுத்தாமல், இடையில் சில நாள் நிறுத்திப் பார்த்து அனுப்பும் வழி அன்றே இருந்தது.

நாம் செய்யக்கூடியவை

அடுத்த முறை ஒரு நிலைமை வந்தால், அதிகாரிகளிடம் போய் வெறுமனே "கடையைத் திறக்க விடுங்கள்" என்று கேட்பதில் பலன் குறைவு. கையில் ஒரு திட்டத்தோடு போக வேண்டும். என் யோசனைகள் இவை:

1. முழு அடைப்பு என்றால் குறைந்தது மூன்று நாள் முன்னறிவிப்பு வேண்டும். அடைப்பு நாளிலும் வீட்டுக்குச் சாமான் வரும் என்ற உறுதியைச் சங்கமே ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும்.

2. பலசரக்குக் கடைகளுக்கு நீண்ட நேரம் வேண்டும். அதற்குப் பதிலாக, ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்ற வரம்பை நாம் ஏற்க வேண்டும். சிட்டையை முன்கூட்டி வாங்கி, கட்டி வைத்து, நேரம் சொல்லிக் கொடுத்தால் ஒருவர் கடையில் நிற்பது ஐந்து நிமிடம்.

3. மொத்த வியாபாரமும் சில்லறையும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் நடக்கக் கூடாது. லாரி இறக்குவது இரவில் முடியட்டும். ஏரல், ஸ்ரீவைகுண்டம், உடன்குடி பக்கத்துக் கடைக்காரர்கள் நேரில் வராமல் போனில் சிட்டை சொன்னால், ஒரே வண்டியில் பத்துக் கடைச் சரக்கை அனுப்பலாம்.

4. சந்தையை மாற்ற வேண்டிய இடங்களை நல்ல காலத்திலேயே பார்த்து, தண்ணீர், விளக்கு, கழிப்பறை வசதியோடு மாநகராட்சியிடம் எழுதி வாங்கி வைக்க வேண்டும்.

5. ஒரு தளர்வுக்கும் அடுத்த தளர்வுக்கும் நடுவே இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். இதை நாமே சொன்னால் நம் பேச்சுக்கு மதிப்பு கூடும்.

6. காய்ச்சல் கண்ட தொழிலாளியைக் கூலி கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும்.

இந்த ஆறாவது யோசனைக்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். ஒரு லோடுமேனுக்கு நாள் கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பதினான்கு நாளுக்கு 9,800 ரூபாய். சிறு கடைக்காரருக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் கூலி போய்விடும் என்றால் எந்தத் தொழிலாளியும் காய்ச்சலை வெளியே சொல்லமாட்டார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூட்டை தூக்க வருவார். அவரிடமிருந்து கணக்குப்பிள்ளைக்கு, கணக்குப்பிள்ளையிடமிருந்து முதலாளி வீட்டுக்கு நோய் போகும். கடையும் பூட்டப்படும். அந்த நஷ்டத்தின் பக்கத்தில் 9,800 ரூபாயை வைத்துப் பாருங்கள். தனித்தனியாகத் தாங்க முடியாதவர்களுக்காகச் சங்கத்தில் ஒரு நிதி ஏற்படுத்தலாம். கடைக்கு மாதம் 50 ரூபாய் என்றாலும் 200 கடைகளில் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் சேரும். பன்னிரண்டு தொழிலாளர்களுக்குப் பதினான்கு நாள் கூலி கொடுக்க அது போதும்.

ஊரடங்கைத் தளர்த்தும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. தளர்ந்தபின் கூட்டம் சேரும் இடம் நம் கடைவாசல். அதனால் இந்தக் கணக்கில் நமக்குப் பொறுப்பும் உண்டு, பேசும் உரிமையும் உண்டு. மேற்கண்ட யோசனைகளைச் செயற்குழுவில் வைத்து விவாதித்து, கூட்டியும் குறைத்தும் தீர்மானமாக்கி, மாவட்ட நிர்வாகத்திடம் இப்போதே கொடுத்து வைப்போம். நோய் வந்தபிறகு எழுத உட்கார்ந்தால் நேரம் இருக்காது.